பாக்ஸ் நின்றால் அவள் எழுந்துவிடுவாள்

அந்த செட்டாப் பாக்ஸைச் சுவரில் அடித்து உடைத்திருப்பேன். உடைக்காமல் விட்டதற்கு ஒரே காரணம் என் மனைவி.

அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்த முறை டாக்டர் படுத்தே கிடக்கச் சொல்லிவிட்டார். பாத்ரூமுக்குத் தவிர எழக் கூடாது. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். காலை ஷிஃப்ட் போனால் மூன்றரைக்குத்தான் திரும்புவேன். பக்கத்து வீட்டு அக்கா மதியம் சாப்பாடு வைத்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் அந்த ஒற்றை அறையில் அவளுக்குத் துணை டிவிதான். கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்துக்காரி; கன்னட சீரியல் என்றால் உயிர்.

பாக்ஸ் இருபது நிமிடம் ஓடும். பிறகு தானாக அணைந்து, தானாகத் திரும்ப ஆரம்பிக்கும். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

"சார், ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

"அதத்தானம்மா அது நாள் பூரா பண்ணிட்டு இருக்குது!" என்று கத்தி வைத்துவிட்டேன்.

டிஷ்காரர் வந்தார். மாடியேறி டிஷ் தட்டை ஆட்டிப் பார்த்து இறங்கினார். "சிக்னல் நல்லா இருக்குதுண்ணா. பாக்ஸ் போயிருச்சு, புதுசு மாத்திக்கங்க."

"ஏறுனதும் எறங்குனதும் தவிர நீ என்னப்பா செஞ்ச?" என்று கேட்டேன். அதோடு அவர் வரவேயில்லை.

புது அடாப்டர் வாங்கி மாட்டினேன். அதே கதை.

ஒரு நாள் மூன்றரைக்குக் கதவைத் திறந்தால், அவள் அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து பிளக்கைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தாள். சில நேரம் பாக்ஸ் சிவப்பு விளக்கோடு அப்படியே நின்றுவிடுமாம். ஒவ்வொரு முறையும் எழுந்து வந்திருக்கிறாள்.

"அறிவிருக்கா உனக்கு? ஒரு சீரியலுக்காக எழுந்து நிக்கறியே!"

அவள் மெதுவாகப் போய்ப் படுத்தாள். கன்னடத்துக்காரர்கள் போல என்னை 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள்.

"சீரியலுக்கு இல்ல, ரீ. அது நின்னுட்டா வீடு கம்முனு ஆயிடுது. வவுத்துக்குள்ள அசையுதா, அசையலையான்னு அதையே கவனிச்சிட்டுக் கெடக்கறன். பயமா இருக்குது."

சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பாக்ஸைத் தொட்டேன். தோசைக்கல்லாகக் கொதித்தது. ஆறவைத்தால் இருபது நிமிடம் ஓடுகிறது, சூடேறினால் நின்றுவிடுகிறது. கம்பெனியில் ஒரு கரண்ட் பேனல் இப்படிச் சூடேறி நின்றால், முதலில் காற்றுப் போகும் வழியைத்தான் பார்ப்பேன். வீட்டில் ஏன் தோன்றவில்லை?

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாக்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மேலேயும் பக்கத்திலும் இருந்த துளைகள் முழுக்கச் சந்தனம், காய்ந்து சிமெண்டாகி இருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மிஞ்சிய சந்தனத்தை டிபன் டப்பாவில் கொண்டுவந்து, பைக், மிக்ஸி, பாக்ஸ் என்று ஒன்றைக்கூட விடாமல் அப்பியவன் நான்தான். மோட்டாரின் ஃபேன் கவரில் சந்தனம் பூசியதற்காக அதே பூஜை நாள் காலையில்தான் இரண்டு பேரைத் திட்டியிருந்தேன்.

"யாரு ரீ இந்த வேலையப் பண்ணது?" என்றாள் படுக்கையிலிருந்து.

"ஒரு முட்டாள்."

"தெரிஞ்ச ஆளுதானா?"

பழைய டூத்பிரஷால் ஒவ்வொரு துளையாகச் சுரண்டினேன். மூடியைக் கழற்றி, உள்ளே விழுந்த தூளை ஊதினேன். அவள் கட்டிலிலிருந்தே பார்க்கும்படி பாக்ஸைத் தனியாக ஒரு ஸ்டூலில், நாலு பக்கமும் காற்றுப்பட வைத்துப் போட்டேன்.

இருபது நிமிடம் ஆனது. இருபத்தைந்து ஆனது. நான் பாக்ஸ் முன்னாலேயே நின்றிருந்தேன்.

"தள்ளி நில்லுங்க ரீ, மறைக்குது."

தள்ளி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், வாயை லேசாகத் திறந்து தூங்கிப்போயிருந்தாள். பல நாளாகப் பகலில் கண்ணை மூடாதவள். டிவியில் ஒரு மாமியாரும் மருமகளும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அணைக்கவில்லை. எழுந்ததும் என்ன நடந்தது என்று கேட்பாள். அதற்காக யார் யாருக்கு என்ன உறவு என்று கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.