ஆணைப் பற்றி ஒரு வாக்கியம்

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு அட்டை அக்கா என்று பெயர். ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டு, பொருள், பிறப்பு, வழக்கு மூன்றையும் எழுதி அடுக்குவது அவள் வேலை. பதினான்கு வருஷமாக அதே ஜன்னலோர மேசை. ஒரு சொல்லைக் கவ்வினால் ரத்தம் பார்க்காமல் விடமாட்டாள், பெயர் பொருத்தம்தான் என்று பக்கத்து மேசைக்காரர் கிண்டல் செய்வார்.

அங்கே ஒரு விதி உண்டு. வழக்கைக் காட்டும் வாக்கியத்தை யாரும் சொந்தமாகக் கட்டக் கூடாது. யாரோ எங்கோ நிஜமாக எழுதியதாக, தேதியோடு இருக்க வேண்டும். மருந்துச் சீட்டு, கடைப் பை, கோர்ட்டுக் காகிதம் எதுவானாலும் சரி. இட்டுக்கட்டிய வாக்கியத்தைப் பதிப்பாசிரியர் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை அவள் மேசைக்கு வந்த சொல் ‘ஸ்டெரைல்’. வந்த நேரத்தைப் பாருங்கள். வியாழக்கிழமை அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன். கல்யாணமாகிப் பதினொரு வருஷம், பிள்ளை இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று, இது மூன்றாவது. மாமியார் வாயில் அவளுக்குப் பெயர் மலடி. கணவர் ஆயுள் காப்பீட்டு முகவர். எந்த டாக்டர் அவரைப் பரிசோதிக்கச் சொன்னாலும், தெரிந்த லேபிலிருந்து ‘எல்லாம் நார்மல்’ என்று ஒரு சீட்டு வாங்கி வந்து நீட்டிவிடுவார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அட்டையை நிரப்பினாள். லத்தீனில் ‘ஸ்டெரிலிஸ்’ என்றால் விளைச்சல் இல்லாதது. இன்னும் பின்னால் போனால், கன்று போடாத பசுவைக் குறித்த பழைய சொற்களோடு உறவு. ஆங்கிலத்துக்கு வந்து நிலத்தோடும் பெண்ணோடும் ஒட்டிக்கொண்டது. கிருமியில்லாத பஞ்சுக்கும் ஊசிக்கும் அந்தப் பெயர் வந்தது நேற்று முந்தாநாள். சுமார் நூற்றைம்பது வருஷம்தான் ஆகிறது.

பதிப்பாசிரியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நிலம் இருக்கு, பசு இருக்கு, பொம்பளை இருக்கா. ஆம்பளைக்கும் பொருந்துற சொல்லாச்சே. அதுக்கு ஒரு வாக்கியம் எங்கம்மா?”

“தேடறேன் சார்.”

மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது. யார் வாயிலாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

மதியம் சாப்பிட்டுக்கொண்டே கைப்பையிலிருந்த ஒரு பழைய கோப்பைப் பிரித்தாள். ரத்தம் தேவைப்பட்டால் கொடுப்பதற்காகக் கணவருடைய ரத்தப் பிரிவை ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். அவர் காலையிலேயே வெளியே கிளம்பிவிட்டதால், பீரோ மேலிருந்த அவருடைய மருத்துவக் கோப்பை அவளே எடுத்து வந்திருந்தாள். நாலைந்து தாள் தள்ளி, பழுப்பேறிய ஒரு காகிதம். தேதி, கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தியது. பொன்னுக்கு வீங்கி வந்து விரையில் இறங்கியதால் செய்த பரிசோதனை. முடிவு ஆங்கிலத்தில் இரண்டே வரி. நோயாளி ஸ்டெரைல். மணம் பேசும் பெண்ணிடம் இதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று நோயாளிக்கும் அவர் தாயாருக்கும் எடுத்துச் சொல்லப்பட்டது. கீழே அவர் கையெழுத்து. பக்கத்திலேயே மாமியார் கையெழுத்து.

தொழில் பழக்கத்தில் தேதியைத்தான் மறுபடி மறுபடி பார்த்தாள். இரண்டு ஆபரேஷன். பதினொரு வருஷ மாத்திரை. எத்தனை ஊசி என்று அவளுக்கே தெரியாது. அத்தனையும் அந்த இரண்டு பேருக்கும் தெரிந்தே நடந்திருக்கிறது.

“என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

“வாக்கியம் கிடைச்சிடுச்சு,” என்று சொல்லிவிட்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துக் கிளம்பினாள்.

வீட்டில் கணவர் யாரிடமோ போனில், “எந்த நோயையும் மறைக்காம எழுதுங்க சார், பின்னாடி பிரச்சனை வரும்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் அவர் போனை வைக்கும் வரை காத்திருந்து காகிதத்தை மேசையில் வைத்தாள்.

“இதை வேற யாருகிட்ட காட்டின?” அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“நான் காட்டல. உங்களுக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.”

மாமியார் நறுக்குவதை நிறுத்தவில்லை. “ஆம்பளைப் பிள்ளையை நாலு பேர் அப்படிச் சொல்ல விட முடியுமா? உன்னைச் சொன்னா நீ தாங்கிக்குவே. தாங்கிக்கிட்டேல்ல.”

அவர் குரலைத் தாழ்த்தி, “நடந்தது நடந்துபோச்சு. வியாழக்கிழமை ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் பொறுமையா பேசிக்கலாம்,” என்றார்.

தன் காதையே அவளால் நம்ப முடியவில்லை. “இன்னுமா ஆபரேஷன்? எதுக்குங்க?”

“தேதி வாங்கிட்டு வேணாம்னா டாக்டர் காரணம் கேப்பாரு இல்ல?”

அடப்பாவி மனுஷா. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கூசி, கட்டியவள் வயிற்றை மூன்றாம் தடவை கிழிக்கவும் துணிந்திருக்கிறான். இனி இவனுக்கு என்ன ‘அவர்’.

அவள் அவன் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். தன் பெயரையும் தேதியையும் சொல்லி, ஆபரேஷன் வேண்டாம் என்றாள். நர்ஸ் காரணம் கேட்டாள்.

“இருங்கம்மா, வீட்டுக்காரர் சொல்லுவார்,” என்று ஸ்பீக்கரைப் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா காயைப் பார்த்தாள்.

“சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்,” என்றாள் நர்ஸ்.