சுண்ணாம்புக் கப்பலும் கரையில் நின்றவர்களும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு எங்கள் அக்கா 'டீச்சரம்மா'தான். தைரியமானவர் என்று சொல்வீர்கள். கூடவே வளர்ந்த தம்பி சொல்கிறேன், அக்காவைப் போலப் பயந்தவரை நான் பார்த்ததில்லை. பயந்துகொண்டேதான் எல்லாவற்றையும் செய்தார்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

அக்கா பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம். அப்பா இராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தபோது கைக்குழந்தையாக இங்கே வந்தார்கள். மணமான மறு வருஷமே அத்தான் காய்ச்சலில் தவறிவிட்டார். அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, உறவினர் பேச்சையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஆசிரியப் பயிற்சி முடித்து, மீனவர் குப்பத்துப் பள்ளியில் சேர்ந்தார்கள்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் துறைமுகத்தில் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் வந்து இறங்குவார்கள். அவர்களில் ஒருவர் ஒருநாள் எங்கள் கடைக்குப் பழம் வாங்க வந்தார். பின்னாலேயே ஓடிவந்த பிள்ளைகள் "கரி பூதம்" என்று கத்தி, மண்ணை அள்ளி வீசினார்கள். எல்லாம் அக்காவிடம் படிக்கிற பிள்ளைகள். அவர் தோளில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"நம்ம பிள்ளையளுக்கு நாம ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியேல" என்று என்னிடம் சொன்னார்கள்.

தலைமையாசிரியரிடம் இரவல் வாங்கிய ஆங்கிலப் புத்தகங்களை அகராதியோடு உட்கார்ந்து படித்தார்கள். பிள்ளைகளை டிராமில் ஏற்றி எழும்பூர் மியூசியத்துக்கு, ஊரார் சொல்லும் செத்த காலேஜுக்கு, கூட்டிப்போனார்கள். வாளும் சிலையும் திமிங்கல எலும்பும் பார்த்து முடித்த பிள்ளைகள், அந்தச் சிப்பாய் ஊர்ச் சாமான் எங்கே என்று கேட்டார்களாம். அதன்பிறகுதான் எங்கள் சரக்குக் கொட்டகையில் ஞாயிறுதோறும் ஒரு சின்னக் காட்சிச்சாலை தொடங்கியது. கப்பலில் கரி தள்ளும் ஆப்பிரிக்கர் ஒருவர் கொடுத்த மரச் சீப்பு, பிள்ளைகளே வரைந்த உலகப்படம், அந்த மண்ணில் இருந்த பெரிய அரசுகளின் கதை, எல்லாம் அங்கே உண்டு.

அந்த மக்களை அடிமைகளாக ஏற்றிப்போன கப்பலைப் பற்றிச் சொல்லவேண்டிய ஞாயிறும் வந்தது. அக்கா சொன்னபடி நான் தரையில் சுண்ணாம்பால் ஒரு கப்பலை வரைந்தேன். அதற்குள் பிள்ளைகளை நெருக்கி நெருக்கிப் படுக்கவைத்து, கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மெல்ல அடங்கினார்கள். அப்போது கடைக்கு உப்பு வாங்க வந்த குப்பத்துக் கன்னியம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் மகளும் அங்கே படுத்திருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா இது? ஆம்பளைங்க கடல்ல கீறாங்க. இங்க எங்க புள்ளைங்கள பொணம் மாதிரி வரிசையா படுக்க வச்சிகினு கீறே?"

கடலில் தவறியவர்களைக் குப்பத்தார் மணலில் அப்படித்தான் கிடத்துவார்கள். கடைக்காரர் வீட்டில் வளர்ந்த எங்களுக்கு அது தோன்றவேயில்லை. பெண்கள் ஓடிவந்து அவரவர் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்கள்.

உச்சிப்பொழுதுக்குள் மற்றக் கட்டுமரங்களெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. கன்னியம்மாவின் கணவரும் கொழுந்தனும் போன மரம் மட்டும் வரவில்லை. அக்கா வெயிலில் குப்பத்துப் பெண்களோடு போய் நின்றார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"அந்த மரம் வரலைன்னா அந்தப் பிள்ளை மூஞ்சிய எப்படிப் பாப்பேன்ல" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் எர்ணாவூர்ப் பக்கமிருந்து மணலோரமாக நடந்து வந்தார்கள். நீரோட்டம் வடக்கே இழுத்துப்போக, மரத்தை அங்கேயே கரையேற்றிவிட்டு வந்திருந்தார்கள்.

"போனமா வந்தமான்னு இல்ல. கடல் இன்னா உன் மாமியா வூடா?" என்று கணவரைத் திட்டித் தீர்த்த கன்னியம்மா, பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, அந்த ஜனங்கள ஏத்திகினு போனாங்கன்னியே, அவங்களுக்கும் இது மாதிரி யாராச்சும் கரையில நின்னாங்களா?"

"நின்னிருப்பாங்க கன்னியம்மா. எவ்வளவு நாள் நின்னாங்கன்னு நான் படிச்ச புத்தகத்துல இல்ல."

அடுத்த ஞாயிறு கன்னியம்மா நாலைந்து பெண்களோடு கொட்டகைக்கு வந்தார். பிள்ளைகளைப் படுக்கவிடவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார். கப்பல் போட்டிருக்கிறாயே, கரை எங்கே என்று என்னைக் கேட்டுவிட்டு, மடியில் கொண்டுவந்த கடல்மணலைத் தரையில் நீளமாகக் கொட்டினார். அதன்மேல் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கப்பலுக்குள்ளிருந்து பிள்ளைகள் தங்கள் தாய்மாரைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதன்பிறகு துறைமுகத்திலிருந்து வந்த எவர்மீதும் அந்தப் பிள்ளைகள் மண் வீசியதில்லை.

அக்காவின் பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், "மரமெல்லாம் வந்துட்டால?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொடங்குவார்கள். நெஞ்சுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும், ஜன்னலில் காற்று பலமாக அடித்தால் அதையே கேட்டார்கள். வந்துவிட்டன அக்கா என்று சொல்லுவேன். கண்ணை மூடிக்கொள்வார்கள்.

அக்காவை எடுத்துப்போன அன்று, சுடுகாடுவரை வரும் வழக்கமில்லாத குப்பத்துப் பெண்கள் கடலோரச் சாலையில், மணலில் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் நகரவில்லை.

அக்காவுக்குப் புத்தகம் தந்த தலைமையாசிரியருக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், தோள் கொடுத்த குப்பத்துச் சகோதரர்களுக்கும், கரையில் நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகை திறந்தே இருக்கிறது. மரமெல்லாம் கரைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறோம்.