கவ்வாத்து யுகம்

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களை ஓவேலித் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றிக்கொண்டிருந்த ஆண்டுகளில், குன்னூரில் எங்களுக்கு ஓர் இலக்கிய மன்றம் இருந்தது. பதினொரு பேர். எல்லோரும் பேசுவோம். ஆண்டு மலருக்கு வரும் கதைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒரு வக்கீல், நாளிதழ் நிருபன் என்பதால் நான்.

அந்த ஆண்டு கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, தாயகம் திரும்பியவள், நோட்டு நிறைய ஒரு கற்பனை உலகத்தை எழுதி அனுப்பியிருந்தாள். அதில் ஒரு பெண்தெய்வம் பனியைப் பிசைந்து மலையைச் செய்கிறாள். மனிதர்கள் மண்ணிலிருந்து செடிபோல் முளைக்கிறார்கள். ஒவ்வொரு யுக முடிவிலும் தெய்வம் கத்தியோடு வந்து எல்லோரையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டுப் போகிறாள். வெட்டிய இடத்தில் அடுத்த யுகம் துளிர்க்கிறது. ஏழு யுகங்கள்.

அவள் எழுதிய எதுவும் அதுவரை அச்சேறியதில்லை. இது அச்சேறுமா என்று கேட்க, லீவு போட்டு நேரில் வந்திருந்தாள். சுவரோர நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு அவளுடைய கதைக்குப் பொருள் சொன்னார்கள். தலைமையாசிரியர் அதில் பிரளயத்தைக் கண்டார். யுகம் நான்குதானே, ஏழு எப்படி என்பது வக்கீலின் ஆட்சேபணை. நடுவில் தேநீர் வந்தது. குடித்தோம்.

“ஏனுங்க அம்மிணி, நாலு யுகமாக் கொறைச்சு, கடைசில எல்லாம் அழிஞ்சு போறாப்ல முடிச்சுக் குடுங்க. மலர்ல போட்டுறலாம்” என்றார் தலைமையாசிரியர்.

“அழியிறது இல்லீங்க ஐயா. அது கவ்வாத்து.”

“அப்படின்னா?”

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. முப்பது ஆண்டுகள் அந்த ஊரில் பாடம் நடத்தியவர். சன்னலைத் திறந்தால் தேயிலை.

“சில வருசத்துக்கு ஒருக்கா செடிய வெட்டி விடுவோம்ங்க. வெட்டாம விட்டா மரமாப் போயிரும், கொழுந்து வராது. வெட்டினா செத்துருமா?”

“அது விவசாயம்மா. நாம பேசறது தத்துவம்” என்றார் வக்கீல்.

“அழிஞ்சுதான் போகணும்னா நாங்க கப்பலேறி இங்கிட்டு வந்திருக்கவே வேணாமே ஐயா.”

“முடிவை மாத்தினாத்தானுங்க போட முடியும்” என்றார் தலைமையாசிரியர்.

அவள் என்னைப் பார்த்தாள். கவ்வாத்து பற்றி நான் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மலர் அச்சுக்குப் போக நேரமாகிறது என்றேன்.

“அப்ப நோட்டைக் குடுத்துருங்க” என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் கதைக்கு வைத்திருந்த பக்கங்களில் தலைமையாசிரியர் யுகங்களின் உட்பொருள் பற்றி எழுதினார். மெய்ப்புத் திருத்தியது நான்.