பால் தொட்டிக்காரரும் ஈஸ்ட் கம்பெனியும்

எஃகுத் தகடுகளைப் பற்றவைத்த தையலின் மேல் பழைய பருத்தித் துணியை மெதுவாக இழுத்துக்கொண்டு போயின கைகள். ஓரிடத்துச் சொரசொரப்பில் துணியின் நூல் சிக்கியது. அங்கே மறுபடி பாலிஷ் சக்கரம், மறுபடி துணி. எஃகுத் தொட்டிக்குள் குந்தியிருந்தவருக்கு இடுப்பு கழன்றது.

பட்டறையில் அவருக்குத் தொட்டிக்காரர் என்றுதான் பெயர். பால் பண்ணைகளுக்குக் குளிர்தொட்டி செய்தே தொழில் கற்றவர். ஆனால் இந்தத் தொட்டி பாலுக்கு அல்ல. பாலில் இருக்கும் புரதத்தை உண்டாக்கும்படி மரபணு மாற்றிய ஈஸ்ட்டை இதில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பார்களாம். மாடே வேண்டாம் என்கிறது கம்பெனி. கூலியில் பாதிக்குப் பதிலாகக் கம்பெனிப் பங்கு தருவதாகவும் சொல்லியிருந்தது. தொட்டியை ஒப்படைக்கும்போது பதில் சொல்ல வேண்டும்.

அவருடைய மச்சினன் மாடு வளர்ப்பவர். சாப்பாட்டு வேளையில் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், எனக்குக் குழி வெட்டுறீங்களா?"

"குழி இவ்வளவு வழுவழுன்னா இருக்கும்?"

"பங்கை வாங்கிருங்க. இது ஜெயிச்சா என் மாடு படுத்துரும், அப்ப பங்காவது சோறு போடும். தோத்தா மாடு இருக்கு."

"உன் மாட்டுக்கு இவரு கூலிதான் இன்சூரன்ஸாடா?" என்றார் தொட்டிக்காரரின் மனைவி. பட்டறையின் வரவுசெலவு அவர் பொறுப்பு.

தொட்டிக்காரர் மட்டும், "அவன் சொல்றதுலயும் விஷயம் இருக்கு" என்றார்.

தொட்டியைச் சோதிக்கக் கம்பெனியின் ஆய்வாளர் அம்மா வந்தார். டார்ச் வெளிச்சம் வாய்விளிம்புக்குக் கீழே நின்றது.

"இது என்னங்க, மூணு புள்ளி?"

"என் அடையாளம்மா. வெளியில தகடு போத்திருவோம், அதனால உள்ள தட்டுறது வழக்கம்."

"பால் தொட்டியத் தினம் காலி பண்ணிக் கழுவுறாங்க. இது நாள்கணக்கா இளஞ்சூட்டுல கிடக்கும். இந்தப் புள்ளியில வேற கிருமி ஒண்ணு தங்குனா போதும், ஈஸ்ட்ட முந்திட்டு வளர்ந்துரும். அப்புறம் மொத்தமும் சாக்கடைக்குத்தான்."

"அப்படிக் கொட்டியிருக்கீங்களா?"

"பழைய தொட்டியில இருந்தத ஒரு தடவ கொட்டினோம். பணம் போட்டவங்க பாதிப் பேரு அதோட விலகிட்டாங்க."

தொட்டிக்காரர் அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். தேய்த்து எடுத்தால் தகடு மெலிந்துவிடும். அந்தத் துண்டை அறுத்தெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, முதலிலிருந்து பாலிஷ் போட்டார். கை பழகிய வேலையிலேயே கை தவறியிருந்தது. அந்த அம்மா எப்போதோ ஒருமுறை இப்படி ஒரு புள்ளியைக் கவனிக்காமல் தவறவிட்டால் பங்கு என்ன ஆகும் என்பது, தேய்க்கத் தேய்க்க அவருக்குத் தெளிவாயிற்று.

"மாடு ஜெயிச்சாலும் தொட்டி வேணும், ஈஸ்ட் ஜெயிச்சாலும் தொட்டி வேணும்" என்றார் மனைவியிடம். "நாம ஏற்கெனவே ரெண்டு பக்கமும்தான் நிக்கிறோம்."

"இத யோசிக்கத் தொட்டிக்குள்ள இறங்கணுமாக்கும்."

"வெளியில நீங்க ரெண்டு பேரும் எங்க யோசிக்க விட்டீங்க?"

லாரி வந்த அன்று ஆய்வாளர் அம்மா தொட்டிக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார். "பங்கா, பணமா?"

"முழுசும் பணமாவே குடுத்துருங்கம்மா. பங்கு வேணும்னா என் மச்சினன் வாங்குவாரு. மாடு வெச்சிருக்காரு."

"மாடு வெச்சிருக்கவரா?"

"அவருக்குத்தான் உங்க மேல அவ்வளவு நம்பிக்கை."

அந்த அம்மா சிரித்துவிட்டார். தொட்டிக்காரர் மூடியை இறுக்கி, மாற்றுத் திருகுகளைத் துடைத்துப் பையிலிட்டு அவர் கையில் கொடுத்தார்.