எல்லாருக்கும் ஒரே வட்டம்

திருப்பூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. இங்கே திட்டும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். “ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?” என்று கேட்டால், அது திட்டா உபசாரமா என்று விளங்காமல் நான் சிரித்து வைப்பேன். கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல்காட்டில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே கோபம் வந்தால் தெருவில் நின்று, இன்னார் மகளே என்று அப்பன் பேரையும் சேர்த்துத்தான் திட்டுவார்கள். அந்தத் திட்டு உரிய ஆளிடம் போய்ச் சேரும். பக்கத்து வீட்டுக்காரி மேல் ஒரு சொட்டும் தெறிக்காது. இங்கே ‘ங்க’ போட்டு என் மகளுக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச நாக்கு எழாது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் அல்லவா.

நானும் மகள் முத்துச்செல்வியும் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தோம். எனக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. அவள் சாம்பிள் ரூமில் டெய்லர். வெளிநாட்டுக்காரர் ஆர்டர் கொடுக்குமுன் தொட்டுப் பார்க்கிற முதல் பனியன் அவள் தைத்ததுதான். ஹெல்பராக நின்றே பாதி இளமை கழிந்த பிறகு அந்த மெஷின் அவளுக்குக் கிடைத்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனால்கூட, “என் மெஷின்ல எவளும் உட்காராம இருக்கணும்” என்பதுதான் அவள் கவலை.

மகளுக்கு அது நடந்ததற்கு முந்தின வருஷம், கம்பெனி விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் தம்பி வந்திருந்தார். யார் எந்த ஊர், எந்த ஆர்டரைத் தொட்டவர், சொந்தக்காரர் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டார். ஆளுக்கு ஒரு புள்ளி, மெஷினுக்கு ஒரு புள்ளி, ஆர்டருக்கு ஒரு புள்ளி. எந்த இரண்டுக்குச் சம்பந்தம் இருக்கிறதோ அவற்றுக்கு நடுவே ஒரு கோடு. கடைசியில் திரையைப் பார்த்தால் பனியன் வேஸ்ட் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல இருந்தது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் டீ ஆறிவிடும். அதனால் ஒரே மாதிரித் தெரிந்த புள்ளிகளையெல்லாம் ஒன்றாக்கி வட்டம் போட்டுச் சுருக்கினார். தெற்கேயிருந்து வந்த பெண்கள் எல்லாரும் ஒரே வட்டம். எங்களில் ஒருத்திக்கு ஒரு கோடு இருந்தால் அந்த வட்டத்துக்கே அந்தக் கோடு.

பேக்கிங்கில் இருந்த புஷ்பம், எங்கள் பக்கத்து ஊர்க்காரி, வாய்த்துடுக்கு. “இம்புட்டுப் பேரையும் ஒரே வட்டத்துக்குள்ள அடைச்சா மூச்சு முட்டாதா தம்பி?” என்றாள்.

அவர் சிரித்தார். “கார்ட்டன் பெட்டி மாதிரின்னு வெச்சுக்கோங்கக்கா. மேல ஒட்டுன சீட்டைப் பார்த்தா எந்தப் பெட்டியத் திறக்கறதுன்னு சட்டுனு தெரியுமில்லீங்க? ஆனா திறந்து பார்க்கோணும். சீட்டை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாதுங்க.” மேனேஜரைத் திரும்பிப் பார்த்து அதையே இன்னொரு தடவை சொன்னார். மேனேஜரும் “சரிங்க, சரிங்க” என்றார்.

அந்தத் தம்பி வேலை முடித்துப் போன பிறகு ஒரு நாள், எங்கள் சாம்பிள் கப்பல் ஏறுமுன்பே அதே கழுத்து மாடல் வேறொரு கம்பெனியில் தொங்கியது. எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாம்பிள் ரூமிலிருந்து அந்தக் கம்பெனிக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று மேனேஜர் கம்ப்யூட்டரைக் கேட்டார். இருக்கிறது, தெற்கத்திப் பெண்கள் வட்டம் வழியாக, என்று வந்தது. புஷ்பத்தின் தம்பி அந்தக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆனால் புஷ்பம் சாம்பிள் ரூம் வாசலைக்கூட மிதித்ததில்லை. முத்துச்செல்வி சாம்பிள் தைக்கிறவள். அவளுக்கு அந்தக் கம்பெனியில் ஒரு ஈ காக்காய்கூடத் தெரியாது. இவள் கோட்டின் முனையும் அவள் கோட்டின் முனையும் வட்டத்துக்குள் முட்டிக்கொண்டு, இல்லாத ஒரு பாதை உண்டாகிவிட்டது. பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை. மறுநாள் காலையில் சாம்பிள் ரூமில் இருந்த எங்கள் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரையும் பிசிறு வெட்ட அனுப்பிவிட்டார்கள். என் மகள் கத்தரியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு நான் மேனேஜர் ரூமுக்குள் போனேன். “சார், என் மகளுக்குத் தம்பியே கெடையாது. ஒத்தைப் பிள்ளை” என்றேன்.

“உங்க பிள்ளையத் தனியாச் சொல்லலீங்கம்மா. உங்க ஆளுங்கள்ல ஒருத்தருக்குத் தம்பி இருக்காருல்லீங்க?”

“அது புஷ்பத்தோட தம்பி சார்.”

“அதானுங்க. நீங்களே சொல்லிட்டீங்களே. போங்க, வேலையப் பாருங்க.”

நான் புஷ்பத்தைக் காட்டிக் கொடுக்க வந்ததாக அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. திருடி என்று என் மகள் பேரைச் சொல்லித் திட்டியிருந்தால், இல்லை என்று சத்தியம் செய்ய எங்களுக்கு ஒரு இடம் இருந்திருக்கும். பேரே சொல்லாமல் கும்பிட்டு ஒதுக்குகிறவனிடம் எதை மறுப்பது? இதைப் படித்து எங்கள் ஊரில் இருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தால் எங்களையெல்லாம் “திருப்பூர்க்காரிக” என்று ஒரே பந்தியில் தள்ளி உட்காரவைப்பவர்கள் நீங்கள்தானே. நீங்கள் போட்டதும் வட்டம்தான்.

முத்துச்செல்வி அந்த வேலையை விட்டாள். வேறொரு கம்பெனியில் சாம்பிள் டெய்லர் கேட்டிருந்தார்கள். இருவரும் போனோம். கேட் முன்னால் நின்று, “எம்மா, நீ வாயத் தொறக்காத. ‘வாராக, போறாக’ன்னு ஒரு வார்த்தை விட்டாலும் நாம தெக்கத்திக்காரின்னு கண்டுபிடிச்சிருவாக” என்றாள். உள்ளே தைத்துக் காட்டினாள். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சூப்பர்வைசருக்கு முகம் மலர்ந்தது. “எந்த ஊருங்க கண்ணு?” என்றார்.

“கொமரலிங்கமுங்க” என்று இந்தப் பக்கத்து ஊர் ஒன்றைச் சொன்னாள் என் மகள், பிறந்ததிலிருந்தே அப்படிப் பேசுகிறவள் போல.

“அட, நம்ம பக்கமுங்களா! ஆத்துல தண்ணி போகுதுங்களா?” என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பார்த்தேயிராத அந்த ஆற்றுக்காகத் தலையை ஆட்டினேன். என் ஊர்ப் பேச்சு முழுவதையும் பல்லுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊமையைப் போலச் சிரித்தேன்.