குரல்வளை போன பின்

முப்பது வருஷம் சந்தையில் ஏலம் கூவியவருக்குப் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சு கழுத்திலுள்ள ஓட்டை வழியாகத்தான் போய் வருகிறது. வாய்க்கு மிச்சம் சாப்பாடு மட்டும்.

பார்க்க வந்த மச்சான் அவர் காதருகே குனிந்து, "எப்படி இருக்கீங்க மாப்ளே?" என்று கத்தினார்.

"அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு. ஊரைக் கூட்டாதீங்க அண்ணே" என்றாள் மனைவி.

ஏலக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது ஓட்டையிலிருந்து சளிதான் தெறித்தது. மச்சான் முகத்தைச் சுளித்துச் சட்டையைத் துடைத்தார். ஏதோ வேலை என்று கிளம்பிவிட்டார்.

"அண்ணன் வந்தது உங்களுக்குத் தெம்பா இருக்கும்" என்றபடி மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அழுதார். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும் என்றிருந்தது. சத்தம் வரவில்லை, அவள் பேசிக்கொண்டே கிண்டினாள்.