சைக்கிள் ஓட்டிய யானைக்குப் போட்ட தோப்புக்கரணம்

இதை எழுதப் பதினைந்து வருடத் தயக்கம். பத்தாவது தாண்டாதவன் என்பது வெறும் சாக்கு. எழுதினால் என்மேலேயே எனக்கு அருவருப்பு வரும், அதுதான் உண்மை.

புனேயில் கணபதி உற்சவத்தில் பிள்ளையார் கிரிக்கெட் மட்டை பிடித்து நிற்பார், ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே கும்பிடுவார்கள். எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் சாமி முன்னால் சிரித்தால் அடி விழும். இங்கே ஒவ்வொரு வருடமும் அந்தச் சிரிப்பைத் தலைகுனிந்துதான் கடக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். புனேயில் தாபோடிப் பக்கம் ஃபாக்டரி வேலை. ஞாயிறு காலை முருகன் கோவில் கூடத்தில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எட்டுப் பேர் வந்து கொட்டாவி விடுவார்கள். பக்கத்து வீட்டு மராத்தி டீச்சரம்மா ஒரு படக்கதைப் புத்தகம் கொடுத்தார். குண்டு யானை ஒன்று சைக்கிள் ஓட்டிச் சேற்றில் விழுகிற கதை. மராத்தி எழுத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டித் தமிழில் எழுதினேன். உடன் வேலை பார்த்தவரின் மகள் மீனா, ஆறு வயது, வீட்டிலும் ஹிந்தி பேசுகிறவள். யானைக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமே, எழுத்துக் கூட்டினாள். "யா... னை... விழுந்... தது." படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

சத்தம் கேட்டுக் கோவில் கமிட்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா, யானைமுகத்தானச் சேத்துல தள்ளிட்டு சிரிப்பா? நாளைக்கு முருகனுக்கு சர்க்கஸ் வேஷமா?"

இது வெறும் யானைங்க என்று சொல்லியிருக்கலாம். அவர் தண்டிக்கவும் சொல்லவில்லை. பக்திமான் என்று அவரிடம் பேர் வாங்க, நானாகவே புத்தகத்தைச் சுவரில் சாய்த்து, அதன் முன்னால் மீனாவைப் பன்னிரண்டு தோப்புக்கரணம் போடச் சொன்னேன்.

"அங்கிள், ஹாத்தி விழுந்தா சிரிப்பு வரும்ல?" என்றாள் மீனா, காதைப் பிடித்தபடி.

"வாய மூடு. எண்ணு."

எண்ணினாள். ஏக், தோ, தீன் என்று.

கமிட்டிக்காரர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்தத் தோளைத் தேய்த்துக் கழுவத் தோன்றுகிறது. மீனா அதன்பிறகு வகுப்புக்கு வரவேயில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "பச்சே பகுத் ஹஸா" என்றேன், பிள்ளைகள் ரொம்பச் சிரித்துவிட்டார்கள் என்று குற்றம் சொல்வதுபோல. டீச்சரம்மா முகம் மலர்ந்து, "அரே வா, தோ ஆப் ரக்கோ", அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கையிலேயே திணித்துவிட்டார்.

போன மாதம் பிம்ப்ரி பஸ் ஸ்டாப்பில் மீனாவைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வேலையாம், வாகடில் வீடாம்.

"தமிழ் படிக்கிறியாம்மா?"

"நஹீ அங்கிள். யானை விழுந்தது வரைக்கும்தான் படிச்சேன்." சிரித்தாள். அதில் கோபமே இல்லை.

அந்தப் புத்தகம் என் பூஜை அலமாரியில் இருக்கிறது. பசை காய்ந்து என் தமிழ்த் தாள்கள் பாதி உரிந்துவிட்டன. கீழே மராத்தி தெரிகிறது. நடுவில் யானை சேற்றில் கிடக்கிறது.

இதை யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். கடைசியில் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சேர்த்துவிடாதீர்கள். கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.